கை நின்றது, குரல்?

தமிழ் பேசும் வாய் மணக்கும் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்த வாயே ஒருவருக்கு மெல்ல மெல்லக் குழறத் தொடங்கினால், நாம் செய்வது என்ன?

என் ஊர் அந்தமானில் உள்ள டாலிகஞ்ச். எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு நடுக்குவாதம். பார்க்கின்சன் நோய் என்பர் மருத்துவர். மருந்தின் பலன் குறைந்தபின், கடல் கடந்து சென்று மூளையில் மின்முனை பதித்துக்கொண்டு திரும்பினார். தேநீர்க் குவளை இப்போது தளும்புவதில்லை, தெருவே மகிழ்ந்தது. ஆனால், சில மாதங்களில் அவர் பேச்சை அவர் மனைவிதான் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. "கை வந்திருச்சு தம்பி, வாய் போயிருச்சு" என்றார். அதையும் நான் இருமுறை கேட்ட பிறகே புரிந்துகொண்டேன்.

இது அவர் ஒருவர் கதையன்று. இந்நோயை 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபித் என்னும் அறுவை மருத்துவர் இன்றைய ஆழ்மூளைத் தூண்டலுக்கு வழி திறந்தார். மார்புத் தோலின் அடியில் ஒரு சிறு மின்கருவி. அதிலிருந்து மூளையின் ஆழத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 130 துடிப்புகள். நடுக்கமும் விறைப்பும் தணிகின்றன. பேச்சோ அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. நோயே குரலைத் தாழ்த்துகிறது. போதாக்குறைக்கு, நாவையும் உதட்டையும் இயக்கும் நரம்பிழைகள் அருகில் செல்வதால், மின்னோட்டம் அங்கே பரவினால் உச்சரிப்பு மேலும் குழறும். சொற்கள் நினைவில் எழும் விரைவும் சிலருக்குக் குறைகிறது.

அப்படியானால் சிகிச்சையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நடக்க முடியாதவரை நடக்க வைக்கும் அரிய சிகிச்சை அது. ஆனால், கைக்கு இருக்கும் மதிப்பு நாவுக்கும் வேண்டும் என்கிறேன்.

மின்னோட்டத்தைக் குறைத்தோ, துடிப்பின் எண்ணிக்கையை மாற்றியோ சிலர் பேச்சைத் தெளிவாக்க முடியும்; அதற்கு ஈடாக நடுக்கம் சற்றுத் திரும்பலாம். எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கே உரியது. ஆனால், முன்பு எப்படிப் பேசினார் என்ற சான்று இல்லாமல் மருத்துவர் எதை அளப்பார்? தமிழில் 'பால்' குறுகினால் 'பல்' ஆகிவிடும். 'பட்டம்' தளர்ந்தால் 'படம்' ஆகிவிடும். தமிழறியாத செவிக்கு இது எட்டுமா? எங்கள் தீவிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கடல் பயணம் என்றால், எத்தனை பேர் வாய் திறவாமலே இருந்துவிடுவர்!

நண்பர்களே! நம் மன்றத்தில் மருத்துவம் படிப்போர் உண்டு, பொறியியல் படிப்போர் உண்டு, தமிழ் படிப்போரும் உண்டு. குறிலும் நெடிலும், ல ள ழ மூன்றும் அமைந்த ஒரு பக்க உரைநடையை நாமே எழுதுவோம். அறுவைக்கு முன்னும் பின்னும் அதைப் பெரியவர்கள் படிக்க, கைப்பேசியில் பதிந்து மருத்துவருக்கு அனுப்ப உதவுவோம். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லும் உரத்த குரல் பயிற்சிக்குத் துணையாக அமர்வோம்.

மொழிப்பற்று மேடையோடு முடிவதன்று. குழறும் ஒரு சொல்லுக்காகப் பொறுமையோடு செவி சாய்ப்பதும் அதுவே.