திருவண்ணாமலைக்கு எந்த மாதம் போகலாம்? பௌர்ணமியை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள்!

திருவண்ணாமலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் முதலில் தேடப்படுவது பௌர்ணமி தேதி. அடுத்து பிள்ளைகளின் ஸ்கூல் லீவ். இரண்டும் சேர்கிற நாளாகப் பார்த்து, தாத்தா பாட்டியையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். அந்த நாள் பல குடும்பங்களுக்கு சித்ரா பௌர்ணமியாகவோ, அதை ஒட்டிய சனி, ஞாயிறாகவோ அமைந்துவிடுகிறது. வெயிலும் கூட்டமும் ஒன்றாக உச்சத்தில் இருக்கும் நேரம் அது.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 40 டிகிரி செல்சியஸ் என்பது ஆச்சரியமான விஷயமே இல்லை. கடற்காற்று எட்டாத ஊர். பகலெல்லாம் சூடு வாங்கிய மலைப்பாறையும் தார் ரோடும் இருட்டிய பிறகும் வெகுநேரம் அனலை விடும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழக்கப்படி செருப்பில்லாமல் நடக்க வேண்டும். சாதாரண நடையில் நான்கு மணி நேரம் பிடிக்கும். எட்டு லிங்கங்களிலும் நின்று கும்பிட்டால் ஐந்தைத் தாண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அவர்களைக் கோடைப் பகலில் வெறுங்காலோடு நடக்க வைப்பது பக்திக் கணக்கில் சேராது.

மால்டா, கிரீட் போன்ற மத்தியதரைக் கடல் தீவுகளுக்குச் சுற்றுலா போகிறவர்கள் இந்தக் கணக்கை நன்றாகவே போடுகிறார்கள். அங்கே ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும், மழை குளிர்காலத்தில். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட மே அல்லது செப்டம்பரைப் பிடிக்கிறார்கள். திருவண்ணாமலைக்கும் அப்படி ஓர் இடைவெளி உண்டு. மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முந்தைய தை, மாசி.

ஆனால் தை பிறந்ததுமே கிளம்பிவிட வேண்டாம். மார்கழி தொடங்கி தைப்பூசம் வரை சபரிமலை, மேல்மருவத்தூர், பழநி என்று பயணம் போகிறவர்கள் வழியில் அண்ணாமலையாரையும் தரிசித்துவிட்டுப் போவது வழக்கம். வேன்களும் பஸ்களும் மாட வீதியைச் சுற்றி நிற்கும். பொங்கல் லீவ் கூட்டம் வேறு. தைப்பூசம் தாண்டி, மகா சிவராத்திரியையும் பௌர்ணமியையும் ஒதுக்கிவிட்டு, ஒரு செவ்வாயோ புதனோ போய்ப் பாருங்கள். விடியற்காலை குளிரும், காலை எட்டு மணி வரை இதமான வெளிச்சமும் கிடைக்கும். ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். ஆஸ்துமா இருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு ஸ்வெட்டர், மஃப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரப் பனி லேசானதல்ல.

மாசியில் பரீட்சை வருமே என்கிறீர்களா? பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த மாதம் சரிப்படாதுதான். அந்த வீடுகளுக்கு இரண்டாவது வாய்ப்பு, செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறை. வெயில் தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்காது. சாயங்காலம் இடி மழை வரலாம் என்பதால் கிரிவலத்தை அதிகாலையில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயுத பூஜை தொடர் விடுமுறையோடு சேர்ந்துவிட்டால் மட்டும் தள்ளிப் போடுங்கள்.

கார்த்திகை தீபம்? அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லாத வீடு குறைவு. அதிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம், மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம். சுமார் 3,500 கிலோ நெய்யும் 1,000 மீட்டர் காடா துணியும் அந்தக் கொப்பரைக்குப் போகின்றன. அன்று ஊருக்குள் பல லட்சம் பேர். பஸ்களும் கார்களும் ஊர் எல்லையிலேயே நிறுத்தப்படும். அங்கிருந்தே நடை தொடங்கிவிடும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தத் தீபம் ஒரே நாளில் அணைந்துவிடுவதில்லை, 11 நாட்கள் எரிகிறது. ஐந்தாம் நாளோ எட்டாம் நாளோ போனாலும் அதே மலை, அதே ஜோதி. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க இடமும் இருக்கும். அந்தக் கொப்பரையில் சேரும் தீப மை, மார்கழி ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாத்தப்பட்டு அதன் பிறகு பக்தர்களுக்கும் கிடைக்கும்.

தீபம் வருவது பருவமழைக் காலத்தின் நடுவில் என்பதை 2024-க்குப் பிறகு யாரும் மறக்க முடியாது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 அன்று, கனமழையில் மலைச்சரிவு இளகி, பாறையும் மண்ணும் அடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகர் வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றப்பட்டது. ஆனால் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கல்லாக நிற்கும் மலைதானே என்று நினைத்திருந்தவர்களுக்கு, அதன் மேல் இருக்கும் மண் எவ்வளவு தளர்வானது என்று அன்று புரிந்தது. அதனால் நவம்பர், டிசம்பரில் டிக்கெட் போட்டிருந்தால் கிளம்புவதற்கு முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். ரெட் அலர்ட் என்றால், அட்வான்ஸ் கொடுத்த ரூம் பணம் போனாலும் போகட்டும்.

சரி, பௌர்ணமி கிரிவலத்தை விடவே முடியாது என்பவர்களுக்கு ஒரு விஷயம். பௌர்ணமி என்பது காலண்டரில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு முழு நாள் அல்ல, ஒரு திதி. அது ஒரு நாள் மதியம் தொடங்கி மறுநாள் மதியம் முடியக்கூடும். அந்த நேரத்தைக் கோயில் நிர்வாகம் மாதந்தோறும் அறிவிக்கிறது. கூட்டம் நெரிவது சூரியன் சாய்ந்ததிலிருந்து நள்ளிரவு வரை. திதி மறுநாள் காலை வரை இருந்தால், இரவு நன்றாகத் தூங்கிவிட்டு மூன்றரை மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். எட்டரைக்குள் சுற்றி முடித்துவிடலாம், பௌர்ணமியும் கையைவிட்டுப் போகாது. இத்தனை பெரிய பௌர்ணமிக் கூட்டம் கடந்த சில பத்தாண்டுகளில் உருவானதுதான். அதற்கு முன்பும் எல்லா நாளும் மலையைச் சுற்றியவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

போய்ச்சேர வழி? 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வழியாக நேரடி ரயில் ஓடுகிறது. கட்டணம் குறைவு. ஆனால் மாலையில் கிளம்பி நள்ளிரவில் சேர்ந்து, அதிகாலையில் திரும்பும் வண்டி. இரவோடு இரவாகச் சுற்றிவிட்டுத் திரும்பும் இளைஞர்களுக்கு வசதி, குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அல்ல.

மாசியில் போகிறவர்களுக்கு, கூட்டம் அதிகம் அறியாத ஒரு காட்சியும் கிடைக்கலாம். 14-ம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் தங்கி ஆண்டார். மதுரை சுல்தானுடனான போரில் இறந்தார். பிள்ளையில்லாத அவருக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து ஈமக்கடன் செய்ய ஒப்புக்கொண்டார் என்பது தலபுராணக் கதை. அதன்படி, தைப்பூசத் தீர்த்தவாரிக்குப் போன சுவாமியிடம் மன்னரின் மரணச் செய்தி சொல்லப்படும். திரும்பும்போது மேளதாளம் கிடையாது. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக் கரைக்கு அண்ணாமலையார் எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுப்பார். அந்த ஊர் நகரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம்.