இனிஷியலும் ஓடிபியும்

அரசு இணையதளங்களில் ‘சரிபார்’ என்ற ஒரே பொத்தானுக்குப் பின்னால் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. அடித்த எண் ஒழுங்கான எண்தானா என்று பார்ப்பது ஒன்று. அந்த எண்ணுக்கு உரியவர்தான் விண்ணப்பிக்கிறாரா என்று பார்ப்பது இன்னொன்று. இணைத்திருக்கும் சான்றிதழ் உண்மையிலேயே அந்த அலுவலகம் கொடுத்ததுதானா என்று பார்ப்பது மூன்றாவது. வருமானச் சான்று, ஓய்வூதியம், பான் அட்டை என்று எந்தச் சேவையில் விண்ணப்பம் நின்றாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் சிக்கியிருக்கும். எதில் சிக்கியது என்பதைத் திரையில் வரும் சிவப்பு வரி லேசில் சொல்வதில்லை.

எண்ணைப் பார்ப்பது மிக எளிது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டுப் போடப்பட்டது. ஹாலந்துக் கணிதவியலாளர் யாகோபுஸ் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி 56 என்பது 65 ஆனாலும் கணக்கு உதைக்கும். அதனால்தான் எண்ணை அடித்த மறுநொடியே ‘தவறான எண்’ என்று வந்துவிடுகிறது. தளம் அதற்காக யாரையும் கேட்பதில்லை. சூத்திரத்தைப் போட்டுப் பார்ப்பதோடு சரி. இந்தப் படியைத் தாண்டியதுமே ஆதார் ஏற்கப்பட்டுவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. எண்ணின் வடிவம் சரி என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஆளைப் பார்ப்பதுதான் பெரிய வேலை. 2009இல் அமைக்கப்பட்ட இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தெம்ப்ளி கிராமத்தில் 2010 செப்டம்பர் 29 அன்று முதல் ஆதார் எண்ணை வழங்கியது. அன்றிலிருந்து சேர்ந்த பெயர், பிறந்த தேதி, முகவரி, விரல்ரேகை, கருவிழிப் பதிவு எல்லாம் ஆணையத்தின் மையத் தரவுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஒரு துறையின் தளம் அங்கே நேராகப் போய் எட்டிப் பார்க்க முடியாது. அனுமதி பெற்ற இடை நிறுவனத்தின் வழியாகக் கேள்வியை அனுப்ப வேண்டும். ‘இந்த எண்ணுக்கு உரியவர் இவர்தானா’ என்பது கேள்வி என்றால், பதில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மட்டுமே. இதற்கு அங்கீகரிப்பு என்று பெயர். மின்னணு முறையிலான கேஒய்சி வேறு ரகம்: பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, புகைப்படம் ஆகியவை ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்துடன் கேட்டவரிடமே போய்ச் சேர்கின்றன. விண்ணப்பப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு ஒப்புதல் வாசகமும் சின்னக் கட்டமும் இருக்கும். இந்த இரண்டில் எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு டிக் செய்பவர்கள் அபூர்வம்.

வீட்டிலிருந்து செய்யும்போது அங்கீகரிப்பு பெரும்பாலும் ஓடிபியில்தான் நடக்கிறது. ஆதாரில் பதிவான கைபேசிக்கு ஆறு இலக்கம் வரும். அதை அடித்தால் வேலை முடிந்தது. அந்தக் கைபேசி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆதார் எடுத்த நாளில் வீட்டில் இருந்த ஒரே போனின் எண்ணை மொத்தக் குடும்பத்துக்கும் கொடுத்தவர்கள் ஏராளம். அந்த எண் இன்று திருப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகனிடம் இருக்கலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் வேறொருவர் கைக்கும் போயிருக்கலாம். இ-சேவை மையத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்க, மகனுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து ‘நம்பர் வந்துச்சாப்பா?’ என்று கேட்கும் காட்சியை எந்த ஊரிலும் பார்க்கலாம். கணினியைப் பொறுத்தவரை அங்கே விண்ணப்பித்தவர் யார் என்று கேட்டால், போனைக் கையில் வைத்திருந்தவர்தான். எண்ணை மாற்றுவதற்கு, ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரலை வைப்பதே பெரும்பாலோருக்குத் தெரிந்த வழி.

விரல்ரேகைக்கு வேறு தொல்லை. வயதானவர்களுக்கும் செங்கல், சுண்ணாம்பு, கயிறு என்று கையால் பாடுபடுபவர்களுக்கும் ரேகை தேய்ந்துபோகிறது. கருவி படிக்க மறுக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் விரல்ரேகைச் சரிபார்ப்பு வந்தபோது இந்தச் சிரமம் வரிசையிலேயே தெரிந்தது. கருவிழியும் முகமும் அதற்கான மாற்று வழிகள். முகத்தை வைத்துச் சரிபார்ப்பது அதிகம் கைகொடுத்தது ஓய்வூதியர்களுக்குத்தான். ‘உயிருடன் இருக்கிறேன்’ என்று ஆண்டுதோறும் நவம்பரில் வங்கிக்கோ கருவூலத்துக்கோ போய் நிரூபிக்க வேண்டியிருந்த மத்திய அரசு ஓய்வூதியர்களுக்காக, ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்று 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. முதலில் விரல்ரேகைக் கருவி தேவைப்பட்டது. 2021 நவம்பரிலிருந்து சாதாரணக் கைபேசிக் கேமரா போதும் என்றானது. திண்ணையில் உட்கார்ந்தபடி பேத்தி பிடிக்கும் போனைப் பார்த்துத் தாத்தா கண்ணைச் சிமிட்டினால் சான்று பதிவாகிவிடுகிறது. சிமிட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படத்தைக் காட்டி ஏமாற்றுகிறார்களா, உயிருள்ள முகம்தானா என்று செயலி பார்க்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தால் பெரும்பாலும் முதல் தடவையிலேயே முடியும்.

மூன்றாவது வேலை, தாளின் நம்பகத்தன்மை. ஒரு காலத்தில் இதற்கு கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து தேவைப்பட்டது. இப்போது அந்த இடத்தில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தை ஒரு கணக்கில் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை அதிகாரியின் இரகசியச் சாவியால் பூட்டிக் கோப்போடு சேர்த்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பொதுச் சாவியால் திறந்து பார்க்கலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் சுருக்கம் ஒத்துப்போகாது. தரவிறக்கிய மின்-ஆதாரைக் கணினியில் திறந்தால், கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரிவது பலரைக் கலவரப்படுத்துகிறது. போலி என்று அதற்கு அர்த்தமில்லை. கையொப்பமிட்டவரை நம்பலாமா என்பது அந்தக் கணினிக்கு இன்னும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். ஒருமுறை நம்பகப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பச்சை டிக் வந்துவிடும்.

நகைமுரண் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அந்தக் கோப்பை அச்செடுத்த நொடியே கையொப்பம் செத்துவிடுகிறது; தாளில் மிஞ்சுவது கையொப்பத்தின் படம்தான். அந்தத் தாளில் சோதிக்கக்கூடியது கியூஆர் குறியீடு மட்டும். ஆதாரின் கியூஆரிலும் ஆணையத்தின் கையொப்பமிட்ட தரவு இருப்பதால், அதற்கான செயலியில் ஸ்கேன் செய்து பார்த்தால் போலி வெளுத்துவிடும். ஆனால் பல அலுவலகங்களில் நடப்பது என்ன? மின்னணுச் சான்றை அச்செடுத்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள். சோதிக்கக்கூடிய ஒன்றைச் சோதிக்க முடியாததாக மாற்றிக் கோப்பில் அடுக்குவதைவிட, அந்தக் குறியீட்டை ஒருமுறை ஸ்கேன் செய்வது சுலபம்.

இந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் 2015 ஜூலையில் டிஜிலாக்கர் வந்தது. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே அது நேராக இழுத்து வைத்துக்கொள்கிறது. இப்படி வந்தவை மூல ஆவணத்துக்குச் சமம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. அதே டிஜிலாக்கரில், நாமே ஸ்கேன் செய்து ஏற்றிய கோப்புகளுக்கும் இடமுண்டு. அவை வெறும் படங்கள். சட்ட மதிப்பு கிடையாது. போக்குவரத்துக் காவலரிடம் போனை நீட்டும்போது எந்தப் பட்டியலில் இருக்கும் உரிமத்தைக் காட்டுகிறோம் என்பதில்தான் வாதம் வெல்வதும் தோற்பதும். தமிழ்நாட்டில் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி போன்ற வருவாய்த் துறைச் சான்றுகள் இ-சேவை வழியே வருகின்றன. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்ற பழைய ஏணிதான். படிகள் இணையத்துக்கு மாறியிருக்கின்றன. கையில் வரும் சான்றின் எண்ணை அடித்தால் அது உண்மைதானா என்று தளத்திலேயே தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் விண்ணப்பம் திரும்பி வந்தால், தமிழரைப் பொறுத்தவரை முதலில் சந்தேகிக்க வேண்டியது பெயரை. மேலே சொன்ன சரிபார்ப்புகளைத் தாண்டினாலும் விஷயம் பல நேரங்களில் இரண்டு பதிவேடுகளின் எழுத்துகளை ஒப்பிடுவதில் போய் முடிகிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் ‘முருகன் கே’, ஆதாரில் ‘கே முருகன்’, வாக்காளர் அட்டையில் வெறும் ‘முருகன்’. பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். ஆகவே அங்கே அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்து ‘முருகன் கந்தசாமி’ ஆகிறது. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து என்பதால், முருகனின் பான் எண்ணில் நிரந்தரமாக நிற்பது கந்தசாமியின் எழுத்து. பெண்களுக்கு இன்னொரு சுற்று இருக்கிறது. திருமணத்துக்கு முந்தைய ஆவணங்களில் அப்பாவின் இனிஷியல், பிந்தையவற்றில் கணவரின் இனிஷியல். ஆங்கில எழுத்துக்கூட்டோ சொல்லி மாளாது: எழிலரசியின் ழகரத்துக்கு ஒரு அலுவலகம் ‘எல்’ போடும், இன்னொன்று ‘இசட் எச்’ போடும், லட்சுமியின் நடுவில் ஒருவர் ‘எக்ஸ்’ வைப்பார்.

மனிதர் பார்த்தால் இவை ஒரே ஆள் என்று உடனே சொல்லிவிடுவார். மென்பொருளுக்கு அந்தத் தாராளம் கற்பிக்கப்பட்டால்தான் உண்டு. முழுப் பொருத்தம், பகுதிப் பொருத்தம் என்று இரண்டு விதமாகவும் கேட்க ஆதார் தரப்பு இடம் கொடுத்திருக்கிறது. எதைக் கேட்பது என்பது கேட்கும் துறையின் கையில். குற்றத்தை விண்ணப்பதாரரின் பெயர்மீது சுமத்துவது துறைகளுக்கு வசதியாக இருக்கிறது. ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தபோது, ஒற்றை இனிஷியலுக்காகக் கட்டணமும் கட்டி அலைந்தவர்கள் இங்கே கொஞ்சநஞ்சமல்ல.

பிறந்த தேதியிலும் இதே கதை. பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று தலைமையாசிரியர் குத்துமதிப்பாக எழுதிய தேதியோடு வாழும் தலைமுறை ஒன்று இருக்கிறது. பிறந்த ஆண்டை மட்டும் சொல்லி ஆதார் எடுத்தவர்களும் உண்டு. ஆதாரில் பெயரை இரண்டு முறை, பிறந்த தேதியை ஒரு முறைதான் வழக்கமான வழியில் மாற்றலாம். ஆகவே எந்த ஆவணத்தை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. பத்தாம் வகுப்புச் சான்றையோ பாஸ்போர்ட்டையோ அப்படி வைத்துக்கொள்பவர்கள் அதிகம் அலைவதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

ஆதார் எதற்குச் சான்று, எதற்கு அல்ல என்பதும் குழப்பத்துக்கு இடமான விஷயம். 2016ஆம் ஆண்டுச் சட்டமே அது குடியுரிமைக்குச் சான்றல்ல என்கிறது. பீகார் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் 12ஆவது ஆவணமாக ஆதாரை ஏற்கச் சொன்ன 2025 செப்டம்பர் உத்தரவிலும், அடையாளத்துக்கு மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக அளித்த தீர்ப்பு, அரசு நிதியில் வரும் மானியங்களுக்கும் உதவிகளுக்கும் ஆதார் கேட்பதை ஏற்றது. பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கக் கூடாது என்றது.

எண்ணைக் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில் கொஞ்சமாகக் கொடுக்க வழிகள் உள்ளன. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே தரவிறக்கலாம். ஆதார் எண்ணுக்குப் பதில் 16 இலக்க மெய்நிகர் எண்ணைத் தரலாம். விரல்ரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது திறக்கலாம். பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்து வங்கிக் கணக்கைச் சுரண்டிய வழக்குகளுக்குப் பிறகு இந்தப் பூட்டு வீண் அல்ல. கடந்த ஆறு மாதங்களில் தன் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் ஆணையத்தின் தளத்திலேயே பார்க்கலாம். மத்திய, மாநில அரசுகளின் தள முகவரிகள் பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். வாட்ஸ்அப்பில் ‘ஆவணத்தைப் புதுப்பிக்கவும்’ என்று வரும் ஏபிகே கோப்பை எந்த அரசுத் துறையும் அனுப்பாது. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. ஆதார் தொடர்பான புகாருக்கு 1947. சரிபார்ப்பு தோற்றதால் சேவை மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குவதும், திரையில் வந்த பிழை எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும் மேல்முறையீட்டுக்கு உதவும். விரல்ரேகை பதியாதவருக்குக் கருவிழி, முகம், ஓடிபி ஆகியவற்றில் ஒன்றைத் தரச்சொல்லிக் கேட்கலாம்.