நெடுநோய்க்குக் குறும்பொருளா?

செவிலிமேட்டுத் தெருக்களில் இன்றும் தறியோசை கேட்கின்றது. குழித்தறியில் கால்களை இறக்கி, முதுகை வளைத்து, கண்ணைப் பாவிலே பதித்து நாள் முழுதும் அமர்ந்து நெய்பவர்க்கு ஐம்பது அகவையில் எஞ்சுவன எவை? இடுப்புவலி, மூட்டுவலி, மங்கிய பார்வை! அவற்றொடு நீரிழிவும் குருதியழுத்தமும் சேர்ந்துவிடின், பட்டு நெய்த கை மருந்துக்கு ஏந்தும் கையாகின்றது. பெயரிலேயே செவிலியைத் தாங்கிய ஊர் அது. ஆனால், அந்நோய் ஏன் வந்தது, எவ்வாறு தணியும் என ஆண்டுக்கணக்கில் உடனிருந்து ஆய்வார் யார்?

2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் குருதியழுத்தத்திற்கும் மருந்தை வீட்டுக்கே கொணர்கின்றது. நன்று, வரவேற்கின்றோம். எனினும், மருந்து கொடுத்தல் வேறு. நோயின் வேரறிதல் வேறு. பின்னதற்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு அரசின் பொருள் வேண்டும்.

அவ்வாறு செலவிட்ட பொருள் வீண்போகாது என்பதற்குச் சென்னையே சான்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்து, 1956ஆம் ஆண்டு என்புருக்கிநோய் ஆய்வு நடுவத்தை இங்கு நிறுவின. ஏழை நோயருள் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும், மற்றொரு பகுதியினரை அவர்தம் வீட்டிலும் வைத்து, ஓராண்டு மருந்தளித்து ஒப்பிட்டனர். வீட்டிலிருந்து மருந்துண்டவரும் ஏறத்தாழ அதே அளவு நலம்பெற்றனர். உடனுறைந்தோரை நோய் மிகுதியாகப் பற்றவுமில்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு, உலக நாடுகளின் மருத்துவ முறையையே மாற்றியது. தமிழ்நாட்டு ஏழையின் குடிசையில் கண்ட உண்மை அது!

நெடுநோயாய்வு ஓராண்டில் முடிவதன்று. நீரிழிவு பற்றிய நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று, சென்னை ஆய்வாளர் தலைமையில், அரசுப் பொருளால், 2008 முதல் 2020 வரை நிகழ்ந்தது. 1,13,043 பேரை ஆய்ந்தது. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுற்றுள்ளனர் என்பதை 2023இல் உலகுக்கு அறிவித்தது. இடையில் பணம் நின்றிருப்பின் அவ்வுண்மை வெளிப்பட்டிருக்குமா? இத்தகைய பணிகள் காத்திருக்க, அனைத்துத் துறை ஆய்வுக்குமாக இந்தியா 2020-21இல் செலவிட்டதோ நாட்டின் மொத்த ஆக்கத்தில் வெறும் 0.64 விழுக்காடு!

வணிகர் இப்பணியைச் செய்வர் என்பார்க்கு ஒன்று சொல்வோம். வாழ்நாள் முழுதும் விற்கத்தக்க மருந்தை வணிகர் ஆய்வர். தறிக்குழியின் ஆழத்தையும் இருக்கையின் உயரத்தையும் மாற்றினால் நெசவாளியின் முதுகு நோகாதிருக்குமா என்பதை ஆயார், அதில் விற்பதற்கொன்றுமில்லை. எவர்க்கும் ஊதியம் தராத, ஆனால் எல்லார்க்கும் நலந்தரும் ஆய்வுக்கே பொதுப்பணம் உரியது.

காஞ்சி ஈன்ற அண்ணாவை 1969ஆம் ஆண்டு புற்றுநோய் கொண்டுசென்றது. அவர் பெயரால் காஞ்சியையடுத்த காரைப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை நிற்கின்றது. அங்கு வரும் ஒவ்வொரு நோயரின் வரலாறும் ஓர் அறிவுச் செல்வம். அதைத் திரட்டி ஆய்வதன்றோ அவர்க்கு உண்மையான நினைவு!

மொழியையும் மறத்தற்கில்லை. ஆய்வுக்கு உடம்பைத் தருபவன் தமிழன். வரியைத் தருபவனும் தமிழன். முடிவு மட்டும் ஆங்கிலத்தோடு நின்றுவிடுவதா? தன் குருதி சொன்ன செய்தியைத் தன் மொழியில் அறிதல் அவன் உரிமையன்றோ!

ஆதலின், தமிழ்நாட்டரசு நெடுநோயாய்வுக்கெனத் தனிப்பொருள் ஒதுக்குக. அதைப் பத்தாண்டேனும் இடையறாது வழங்குக. நடுவணரசு, நம்மிடம் திரட்டும் வரிக்கு ஏற்ற பங்கை இங்குள்ள ஆய்வு நடுவங்கட்குத் தருக. முடிவுகள் அனைத்தும் நல்ல தமிழில் வெளிவருக.

தமிழர்களே! மருந்துக்குக் கையேந்தியது போதும். அறிவுக்குப் பொருள் கேட்போம். செவிலிமேட்டுத் தறியிலிருந்து அக்குரல் எழட்டும்!