சங்கு ஊதியும் ஓயாத ஆட்டம்!

குட்டீஸ், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதுகிறது. லேத்தில் பாதி கடைந்த பாகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? கூடாதல்லவா!

2025ல், ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் அணி வென்றதே, அந்த ரக்பியிலும் இப்படித்தான். நேரம் தீர்ந்தாலும், பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் ஓடும். அப்போது ஒரு அணி 'பெனால்டி'க்குரிய விதிமீறலைச் செய்தால், மற்ற அணிக்கு அதைக் கொடுத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்குவர்.

ஏன் தெரியுமா? இல்லையென்றால், முந்தியிருக்கும் அணி கடைசி நொடியில் வேண்டுமென்றே விதியை மீறித் தப்பித்து விடுமே!

2015 உலகக் கோப்பையில் 80 நிமிடம் கடந்தபோது, தென் ஆப்பிரிக்காவிடம் ஜப்பான் 29-32 எனப் பின்தங்கியிருந்தது. பெனால்டியை உதைத்துச் சமன் செய்யாமல், தோளோடு தோள் முட்டும் 'ஸ்க்ரம்' கேட்டது. 34-32 என வென்றது!

நம் கபடியிலும், நேரம் முடிந்தாலும் கடைசி 'ரெய்டு' முடியும்வரை ஆட விடுவர். அடுத்த முறை ஆடும்போது கவனியுங்கள்!