பல்லுக்கு முளை வேண்டுமோ?

வேரின் உட்குழல் சுத்திசெய்து அடைக்கப்பட்ட பல்லினுள்ளே பல் வைத்தியர் சில வேளைகளில் ஒரு முளையை இறக்குவர். போஸ்ற் என வழங்கப்படுவது அதுவே. அம்முளை பல்லைப் பலப்படுத்தும் என்பது நம்மவர் பலரின் எண்ணம். அது பொருந்தாது என்பதும், அவ்வெண்ணத்தாற் காக்கத்தக்க பல்லும் கைவிட்டுப் போகக்கூடும் என்பதும் எமது துணிபு. பழைய மாணவருள் வைத்தியராயினோரும் இம்மலரை வாசிப்பர். தமிழாசிரியர் பல்லைப் பற்றிப் பேசத் துணிந்ததை அவர்கள் பொறுப்பாராக.

முளையின் தொழில் யாது? சிதைந்த பல்லின் மேற்புறத்தைக் கட்டியெழுப்பும் அடைப்பு கழன்றுவிடாது பிடித்திருத்தலே. அதனை இறக்குதற்குக் குழலை அகலித்தால் வேரின் சுவர் மெலியும். நிலைநிறுத்தல் வேறு, பலப்படுத்தல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் வந்த மயக்கம் இது. சோரன்சன், மார்ட்டினோவ் என்னும் இருவர் 1273 பற்களை ஆராய்ந்து 1984 இல் வெளியிட்ட முடிவும் இதற்கு அரணாகும்: உள்ளே வைத்த முளையாற் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை, கடைவாய்ப் பற்களுக்கு மேலே இட்ட உறையே பெரிதும் உதவிற்று.

ஆதலின் எந்த முளை என்று வினாவுமுன், முளை வேண்டுமோ என்று வினாவுதல் முறை. கடைவாய்ப் பல்லின் உள்ளறை அகன்றது. பெரும்பாலும் அவ்வறையே அடைப்பைப் பிடித்துக்கொள்ளும். சிறு துளையன்றி வேறு சிதைவில்லாத முன்பல்லுக்கு அத்துளையை அடைத்தலே போதும்.

வேண்டுமென்றே கொள்வோம். பிரான்சிய வைத்தியர் பியேர் போஷார் 1728 இல் வெளியிட்ட நூலிலேயே வேரில் உலோக முளை பூட்டும் முறை கூறப்பட்டுள்ளது. மர முளை பூட்டியோரும் உளர். அது ஈரத்தில் ஊதி வேரைப் பிளந்ததும் உண்டு. உருக்கு அவ்வாறு ஊதாது. ஆயினும் வளையாமையிற் பல்லின் உட்பொருளிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு விறைப்பானது. கடிக்கும் விசையைத் தான் ஏற்காது வேருக்குத் தள்ளும். வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டாற் பிடுங்குதலன்றி வழியில்லை. கண்ணாடி நார் முளையோ பல்லோடு ஓரளவு வளைந்துகொடுக்கும். அதன் குறை, ஒட்டுப் பசை விட்டுக் கழன்றுபோதல். கழன்றதைப் பெரும்பாலும் மீள ஒட்டலாம். இரண்டும் பொருந்தும் இடத்தில், கெட்டாலுந் திருத்தத்தக்கதையே தெரிதல் நன்றென்போம். குழல் அகன்று நீள்வட்டமாக இருப்பின் ஆயத்த நார் முளை தளர்ந்து நிற்கும். அங்கே அக்குழலுக்கென வார்த்த உலோக முளைக்கு இன்றும் இடமுண்டு.

எனினும் முளை எப்பொருளாலானது என்பதிலும் பெரிய காரியம் ஒன்றுண்டு. வண்டிச் சில்லை இரும்புப் பட்டம் இறுக்கிப் பிடிப்பதுபோல, மேலுறையின் விளிம்பு நல்ல பல்லைச் சுற்றிப் பிடித்தல் வேண்டும். அதற்கு முரசின் மேலே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் உயரத்திற்காவது பல் சுற்றிவர எஞ்சியிருத்தல் வேண்டும். வேர் நுனியிலும் 4 அல்லது 5 மில்லிமீற்றர் அடைப்பைக் கலையாது விடல்வேண்டும். மேலே அவ்வளவு பல் இல்லையாயின், முரசைச் சிறிது தாழ்த்தியோ வேரை மெல்ல மேலே இழுத்தோ பெறலாம். அதுவும் இயலாதவிடத்து, விலையுயர்ந்த முளையைப் பூட்டாது, "இப்பல் நில்லாது" என்று முன்னரே சொல்லும் வைத்தியரை நம்மவர் கைராசியில்லாதவர் எனத் தூற்றுதல் தகாது.