கடைக் கம்ப்யூட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது?



திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டு செய்து தருகிறவர் சாவிகள் அனைத்தையும் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுவார். ஒன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறவரிடம் யாரும் பூட்டு வாங்கமாட்டோம். ஆனால் பேகம்பூர் கடைவீதி உட்பட நமது ஊர்க் கடைகள் பலவற்றில், பில் போடும் கம்ப்யூட்டரின் சாவி மட்டும் முதலாளியிடம் இல்லை. அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை.

விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கால நீட்டிப்பு உண்டு. அதற்கும் முடிவு நாள் உண்டு. ‘கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று விட்டுவிட முடியாது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாதவர்களும், ஆதரவு முடிந்த பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும்தான் சிக்கினார்கள்.

ஆகவே பலரும் விண்டோஸ் 11 போடச் சொல்கிறார்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும், நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் இவை இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவோர் உண்டு. அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று நிறுவனம் உறுதி சொல்வதில்லை.

சாவிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. புதிதாக ஓ.எஸ். போடும்போது ஒரு இ-மெயில் கணக்கைக் கேட்கும். கடைக்காரர் வியாபார மும்முரத்தில் இருப்பார். சர்வீஸ் செய்ய வந்தவர் தம்முடைய கணக்கையே கொடுத்து வேலையை முடித்துவிடுவார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போதைய விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றினால், பல இயந்திரங்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க எண், உள்நுழைந்தவரின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பின்னொரு நாள் மதர்போர்டு மாற்றினாலோ, உள் அமைப்பில் கைவைத்தாலோ, அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். சர்வீஸ்காரர் ஊர் மாறிப்போயிருந்தால் நமது கடன் பாக்கி, சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் உள்ளேயே இருக்கும். நம்மால் திறக்க முடியாது. எண் இல்லாமல் மைக்ரோசாப்ட் நிறுவனமே கூடத் திறந்து தர இயலாது.

இது நஷ்டத்தோடு நிற்பதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கானால் நகல் எடுத்து வைப்பதும் விதியிலேயே உள்ளது. ‘ஃபார்மட் அடித்ததில் போய்விட்டது’ என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது.

எனவே நாம் செய்ய வேண்டியவை சில.

ஓ.எஸ். போடுமுன் கணக்கு முழுவதையும் பென் டிரைவிலோ தனி டிஸ்கிலோ எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே இயந்திரத்தை ஒப்படையுங்கள். உள்நுழையும் கணக்கு முதலாளியின் இ-மெயிலிலும் முதலாளியின் செல்போன் எண்ணிலும் இருக்கட்டும். அந்த 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதிப் பீரோவில் பத்திரப்படுத்துங்கள். கடைப் பையன்களுக்கு, புதிய மென்பொருள் ஏற்ற அனுமதியில்லாத தனிக் கணக்கு கொடுங்கள். பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைக்க வேண்டாம்.

இ-வே பில் தளத்தில் உள்நுழைய, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் செல்போன் வழி இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டது. அங்கே பழைய கணக்குப்பிள்ளையின் எண் இருந்தால் லாரி சரக்கோடு நிற்கும். உடனே மாற்றிவிடுங்கள். இன்னொன்று: தளம் எதுவும் திறக்கவில்லை என்றால், முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போய், பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும். அதற்காக ஃபார்மட் அடிக்கத் தேவையில்லை.

இயந்திரம் பழையதானால், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ போன்ற இலவச லினக்ஸ் வகைகளும் உண்டு. நமது பில் மென்பொருளும் பிரிண்டரும் அதில் ஓடுமா என்று சோதித்த பிறகே மாறுவது நல்லது.

தனித்தனியாக அலைவதைவிட, சங்கமே இதை எடுத்துச் செய்யலாம் என்பது எங்கள் கருத்து. சர்வீஸ் செய்வோரிடம் வேலை முடிந்ததும் கணக்குப் பெயர், பாஸ்வேர்டு, திறப்பு எண் மூன்றையும் எழுதி வாங்கும் ஒரு படிவத்தை அச்சிட்டு, உறுப்பினர் அனைவருக்கும் கொடுக்கலாம். செலவு சொற்பம். அந்தப் படிவத்தில் கையெழுத்தாகாமல் கூலி கொடுப்பதில்லை என்று நாம் அனைவரும் முடிவு செய்தால், வழக்கம் தானே மாறிவிடும். வரும் கூட்டத்தில் உறுப்பினர்கள் இதைப் பேசி முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.