குடும்பப் பென்ஷனில் கட்டுப்படியாகுமா?

விளம்பரத்தில் வரும் தாத்தாவுக்குத் தலை முழுக்க நரைத்திருக்கும். முதுகு மட்டும் வளைந்திருக்காது. பாட்டி கையில் பூப்பந்து மட்டையுடன் சிரிப்பார். பின்னணியில் நீச்சல் குளம், தியான மண்டபம், மூலிகைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ரிடையராக ஒன்றிரண்டு வருடமே பாக்கியுள்ள தில்லி, மும்பைத் தமிழர்கள் பலர் கோவைக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். வீட்டைப் பார்க்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், காம்பவுண்டுக்குள் ஒரு சுற்று நடக்கிறார்கள். இரண்டு நாளில் முடிவு செய்துவிட்டு ரயில் ஏறுகிறார்கள்.

கோவையைச் சொல்லக் காரணம் உண்டு. முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் நாட்டில் அதிகம் முளைத்த ஊர்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. புனே, டேராடூன், தில்லிக்குப் பக்கத்தில் ராஜஸ்தானின் பிவாடி என்று வேறு இடங்களும் உண்டு. ஆனால் முப்பது வருடம் வடக்கே ஃபைல் பார்த்தவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், பெரிய மருத்துவமனைகளும், அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்க ஒரு விமான நிலையமும், மெஸ்ஸில் சாம்பாரும் ஒரே ஊரில் கிடைப்பது பெரிய விஷயம்தான். அதில் தவறில்லை. அவர்கள் போடும் கணக்கில்தான் ஓட்டை.

வீட்டின் விலை ஒரு தடவை கொடுப்பது. வங்கியில் இருக்கும் பி.எஃப்., கிராஜுவிட்டிப் பணத்தில் அது முடிந்துவிடும். மாதக் கட்டணம் அப்படியல்ல. நீங்கள் இருக்கும்வரை கட்ட வேண்டும். நீங்கள் போன பிறகு உங்கள் மனைவி கட்ட வேண்டும். நம் குடும்பங்களில் பெரும்பாலும் மனைவி வயதில் இளையவர், ஆயுளும் பெண்களுக்குச் சற்று அதிகம். ஆகவே இந்தக் குடியிருப்புகளில் கடைசிப் பத்து வருடத்தைத் தனியாகக் கழிக்கப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான். ஆனால் பேரம் பேசும் மேஜையில் கணவர் மட்டுமே வாய் திறக்கிறார், அதுவும் தன்னுடைய முழுப் பென்ஷனை மனதில் வைத்துக்கொண்டு.

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் பென்ஷன். குடும்பப் பென்ஷன் 30 சதவீதம். ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் இறந்தால், ஏழு ஆண்டுகள் வரை அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரை, இதில் எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதத்தில் கிடைக்கும். 72 வயதில் இறந்தவரின் மனைவிக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் மாதத்திலிருந்தே 30 சதவீதம்தான். தனியார் கம்பெனியில் வேலை பார்த்து இ.பி.எஃப். பென்ஷன் வாங்குபவர் நிலைமை இன்னும் மோசம். மனைவிக்குக் கிடைப்பது அவர் பென்ஷனில் பாதி. அந்தப் பென்ஷனே பலருக்குச் சில ஆயிரம்; 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை வெறும் 1,000 ரூபாய்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அகவிலைப்படி சேர்த்துப் பென்ஷன் 50,000 ரூபாய். குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் 12,000, இருவருக்குச் சாப்பாடு 16,000, ஆக 28,000. கையில் 22,000 மிஞ்சும், சௌகரியமான வாழ்க்கை. கணவர் காலமாகிறார். பென்ஷன் 30,000 ஆகிறது. சாப்பாட்டுச் செலவு பாதியாகும், பராமரிப்புக் கட்டணம் குறையாது. அது சதுர அடிக்கு வசூலிப்பது, தலைக்கு அல்ல. அந்த அம்மாள் 20,000 கட்டியாக வேண்டும். மிச்சம் 10,000. மருந்து, டெலிபோன், துணிமணி, பேரக் குழந்தைக்குப் பரிசு எல்லாம் அதற்குள். இடுப்பெலும்பு முறிந்து பகல் நேரத்துக்கு மட்டும் ஓர் உதவியாளர் வைத்தால்கூட இந்தப் பத்தாயிரம் போதாது.

இது முதல் வருடக் கணக்கு. கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருடத்தில் இரட்டிப்பாகும். 10 சதவீதம் என்றால் ஏழே வருடம் போதும். அரசுப் பென்ஷனுக்கு அகவிலைப்படி என்ற துடுப்பாவது உண்டு. வட்டியில் வாழ்பவருக்கு அதுவும் இல்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. 8.2 சதவீத வட்டிக்கு முழுத் தொகையையும் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 20,500. நல்ல வருமானம்தான். ஆனால் ஐந்து வருடத்துக்கு அது அதே 20,500. மெஸ் பில் அப்படி நிற்காது.

ஆகவே பில்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சதுர அடி விலை அல்ல. கடந்த ஐந்து வருடத்தில் மாதக் கட்டணம் எவ்வளவு ஏறியது, ஏற்றுவதற்கு ஒப்பந்தத்தில் வரம்பு உண்டா, சொல்லும் தொகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா? இதற்கு எழுத்தில் பதில் தராத இடத்தை 'கட்டுப்படியாகும்' என்று சொல்ல எனக்கு மனம் வராது, வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

வாங்குவதா, டெபாசிட் கொடுத்துத் தங்குவதா, மாத வாடகையா என்பது அடுத்த குழப்பம். வாங்கினால் சொத்து என்ற திருப்தி. ஆனால் இந்த வீடுகளில் பல 55 அல்லது 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே குடியிருக்கலாம் என்ற நிபந்தனையுடன் வருபவை. நாற்பது வயது மகன் வாரிசாக வாங்கிக்கொள்ளலாம், குடிவர முடியாது. விற்கப் போனால் வாங்க வருபவர்கள் குறைவு. வீடு பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் நிற்காது. டெபாசிட் முறையில் கையிருப்பு முழுவதும் கரையாது என்பது நிஜம். ஆனால் அந்த டெபாசிட் நீங்கள் நிர்வாகத்துக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன், ஈடும் இல்லாத கடன். காலி செய்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், அடுத்த ஆள் வந்த பிறகுதானா, எவ்வளவு கழிப்பார்கள் என்று பாருங்கள். எந்த முறையானாலும் பத்திரத்தில் மனைவி பெயரும் இருக்கட்டும். பிள்ளை பெயரில் வாங்கி, பிறகு அவன் தயவில் குடியிருப்பது நம்மவர்களுக்குப் பிடித்த ஏற்பாடு, எனக்குச் சம்மதமில்லை.

ஆரோக்கியத்துக்கு வருவோம். பத்து இடங்களின் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினால் பத்திலும் ஜிம் இருக்கும். ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட் எத்தனையில் இருக்கிறது? மின்சாரம் போனால் அந்த லிஃப்ட் ஓடுமா? குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்ளே விழுந்து கிடப்பவரை இடிக்காமல் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். தரையில் வழுக்காத ஓடு, சுவரில் கைப்பிடி, அறைக்கு அறை வாசல்படி தட்டாத மட்டம் இவையெல்லாம் நீச்சல் குளத்தைவிட மலிவு, புகைப்படத்தில் எடுபடாது என்பதுதான் குறை.

இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். 'டாக்டர் ஆன் கால்' என்பார்கள். அதற்கு அர்த்தம் டாக்டர் அவர் வீட்டில் தூங்குகிறார் என்பது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் இரவில் விழித்திருக்கிறாரா என்பதே கேள்வி. பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மாரடைப்பில் கணக்கு நிமிஷங்களில். 'மருத்துவமனை 20 நிமிட தூரம்' என்ற வரியை நம்பாதீர்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு டாக்ஸி பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நீங்களே போய் வாருங்கள். கோவையில் மலையடிவாரம் பார்த்து வீடு வாங்குபவர்களுக்கு இன்னொரு சங்கதி. அங்கே ராத்திரி ரோட்டில் யானை நிற்பது கதையல்ல. அது நகரும்வரை ஆம்புலன்ஸும் நிற்கத்தான் வேண்டும்.

சாப்பாடு தனி அத்தியாயம். 'சாத்வீக உணவு' என்ற பலகையைப் பார்த்ததும் ஆரோக்கியம் என்று முடிவு செய்துவிடுகிறோம். தட்டைப் பாருங்கள்: மலைபோல் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், ஊறுகாய், ஞாயிறன்று பாயசம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள கூட்டத்துக்கு இதையே வருடம் முழுக்கப் போட்டால் தியான மண்டபம் என்ன செய்யும்? ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதானால் தசை கரையும், புரதம் குறையக் கூடாது. பருப்பு, சுண்டல், தயிர் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். சைவம் மட்டுமே என்று விதி வைத்த இடங்கள் பல. முட்டை, மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் எழுபது வயதில் அதை விடத் தயாரா என்று முன்பணம் கட்டும் முன்பே யோசிப்பது நல்லது. சொந்தச் சமையலறையில் சமைக்க அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஷரத்து ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும். 'தன் காரியங்களைத் தானே செய்துகொள்ளக்கூடியவர்' என்பது சேர்வதற்கான தகுதி. அந்தத் தகுதி போனால்? சில இடங்களில் உதவியுடன் வாழும் தனிப் பிரிவு உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். சில இடங்களில் அழைத்துக்கொண்டு போங்கள் என்று பிள்ளைகளுக்குத் தகவல் போகும். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இது அபூர்வமான ஆபத்து அல்ல. மறதி வந்தவரை வைத்துக்கொள்வார்களா, எந்தக் கட்டத்தில் வெளியே அனுப்புவார்கள், அதை யார் முடிவு செய்வது? இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பெரிய திட்டங்கள் பதிவாக வேண்டும். கட்டுமானக் குறை ஐந்து வருடத்துக்குள் தெரிந்தால் பில்டர் சரிசெய்ய வேண்டும். சட்டம் காப்பது கட்டடத்தை. சாம்பாரில் உப்பு, இரவு நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் வேறு கம்பெனியின் பொறுப்பாக இருக்கலாம். பில்டர் கட்டி விற்றுவிட்டுப் போன பிறகு அந்தக் கம்பெனி கையை விரித்தால் யாரைப் பிடிப்பது? மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள் இதற்காகத்தான் பில்டர், சேவை நிறுவனம், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் பரிந்துரைத்தன. மாநிலங்கள் ஏற்றால்தான் அதற்கு வலு. உங்கள் மாநிலம் ஏற்றதோ இல்லையோ, முத்தரப்பு ஒப்பந்தம் கேட்பதை யாரும் தடுக்க முடியாது.

மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை என்று 2024 அக்டோபரில் விரிவாக்கினார்கள். பக்கத்து மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தில்லியில் சி.ஜி.எச்.எஸ். அட்டையுடன் வாழ்ந்தவர்கள், போகும் ஊரில் அதன் மருந்தகம் உண்டா என்று விசாரிக்காமல் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். அந்த வசதி இல்லாத ஊரில் வெளிநோயாளிச் செலவுக்குக் கொடுக்கும் படி, 2017இல் உயர்த்தியபோதே மாதம் 1,000 ரூபாய்தான்.

இத்தனையும் பென்ஷன் வாங்குபவர்களின் கவலை. ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மேலே வசதியானவர்களுக்கு பில்டர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் கடைக்காரர், டெய்லர், தனியார் பள்ளி ஆசிரியை ஆகியோருக்கு யாரும் எதுவும் கட்டுவதாகத் தெரியவில்லை.

வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு மாதம் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். டிசம்பரில் அல்ல, மே மாதத்தில். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில், கணவரை இழந்து அங்கே தனியாக இருக்கும் ஓர் அம்மாள் பக்கத்தில் அவர் உட்காரட்டும். மூன்று வருடத்துக்கு முன் மாதம் எவ்வளவு கட்டினீர்கள், இப்போது எவ்வளவு என்று கேட்கட்டும். பழைய ரசீதுகளை அந்த அம்மாள் பத்திரமாக வைத்திருப்பார்.